முதல் வடம்

"பதினையாயிரம்!"

கௌரி கையைத் தூக்கியதும் பிளாக்ஹவுஸ் பே மண்டபமே திரும்பிப் பார்த்தது. போன கிழமைதான் டெய்ரி என்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போய், வங்கி அட்டையில் காசில்லை என்று பால் போத்தலைத் திருப்பி வைத்துவிட்டு வந்தவள். அவளுக்கு எங்கேயிருந்து வந்தது இந்தத் துணிவு என்று சனம் குசுகுசுத்தது.

கோயிலுக்குப் புதுத்தேர் செய்ய நன்கொடை சேர்க்கிறார்கள். ஆகக் கூடுதலாகக் கொடுப்பவர்தான் தேர் வடத்தை முதலில் தொட்டு இழுக்கலாம் என்று தலைவர் ஆனந்தராசா மைக்கில் அறிவித்துவிட்டார். அந்த மரியாதைக்காகவே பட்டுவேட்டி சரசரக்க முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தான் யசீகரன், கௌரியின் முன்னாள் புருஷன்.

யசீகரனிடம் கட்டட வேலைக் கம்பனி இருக்கிறது. வெஸ்ட்கேட்டில் மாடிவீடு இருக்கிறது, ஓடுகிற கார் இருக்கிறது, எல்லாம் கம்பனி பேரில். "நானே அங்க சம்பளத்துக்குத்தான் நிக்கிறன், அதைவிட்டாக் கையில சதமில்லை" என்று, பிள்ளைச் செலவைக் கணக்கிடுகிற வரி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மகள் லோஜனாவின் செலவுக்கு மாதம் நூறு டொலர்கூடக் கட்டாத உத்தமன். வாடகை கொடுக்க வழியில்லாமல் தாயும் மகளும் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"பதினெட்டு," என்றான் யசீகரன், திரும்பியும் பாராமல்.

"இருபது!" என்றாள் கௌரி.

பக்கத்தில் இருந்த தோழி சுந்தரி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். கௌரி கேட்டுக்கொண்டதற்காக முதலில் இருந்தே எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"ஏய், உனக்கென்ன பைத்தியமா? அவரு இதோட நிறுத்திட்டா அவ்வளவு பணத்துக்கு நீ எங்க போவே?"

"தெரியேல்லை அக்கா. ஆனா இண்டைக்கு அந்தாளை நான் விடமாட்டன். நீங்கள் வீடியோவை மட்டும் நிப்பாட்டாதேங்கோ."

ஆனந்தராசா எண்ணத் தொடங்கினார். "இருபதாயிரம், ஒருதரம்... இருபதாயிரம், ரெண்டுதரம்..."

இன்னொரு தரம் சொன்னால் கௌரி நடுத்தெருவில்தான்.

"இருபத்தைஞ்சு!" என்றான் யசீகரன். "ரசீதைக் கம்பனி பேரில போடுங்கோ."

கௌரி சிரித்தாள், மண்டபத்துக்கே கேட்கும்படி. "ஏன், வடம் பிடிக்கவும் கம்பனியே வரும்? ஆம்பிளையெண்டால் சொந்தக் காசைச் சொந்தப் பேரில குடுக்கட்டும். நான் என்ர பேரிலதான் குடுக்கிறன். இருபத்தெட்டு!"

பின்வரிசை கொல்லென்று சிரித்தது. யசீகரனுக்குக் காதுமடல் சிவந்துவிட்டது. எழுந்து ஆனந்தராசாவிடம் போய், "அண்ணை, எந்தப் பேரில குடுத்தா நல்லது?" என்று கேட்டான்.

ஆனந்தராசா தொழிலில் கணக்காளர். வரிக்கதை என்றால் மைக்கை இறுகப் பிடித்துக்கொள்வார்.

"கம்பனி குடுத்தா லாபத்தில கழிக்கலாம், அவ்வளவுதான். ஆள் தன்ர பேரில குடுத்தா அது வேற சட்டம். குடுத்ததில மூண்டில ஒரு பங்கை வரிக் கந்தோர் கையில திருப்பித் தரும்."

காட்டின வருமானத்துக்கு மேலே கொடுத்ததற்கு அது கிடையாது என்று அவர் இழுத்த வாலை, அந்தச் சிரிப்பில் யாரும் காதில் வாங்கவில்லை.

மூன்றில் ஒரு பங்கு! மானத்துக்கு மானம், லாபத்துக்கு லாபம். யசீகரன் ஆனந்தராசாவின் கையிலிருந்த மைக்கைப் பறித்தான்.

"முப்பதாயிரம்! என்ர பேர், என்ர சொந்தக் காசு. கடனுமில்லை, கம்பனியுமில்லை. எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ!"

சொன்ன கையோடு போனை எடுத்து, தன் கணக்கிலிருந்து கோயில் கணக்குக்குக் காசை அனுப்பினான். காசு வந்துவிட்டது என்று ஆனந்தராசா சொன்னதும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பொன்னாடை போர்த்தி, அவன் பேர் எழுதிய ரசீதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டிக் கொடுத்தார்கள்.

கௌரி மறுபடி கையைத் தூக்கவில்லை. மெதுவாக உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போகட்டும் விடு," என்று சுந்தரி அவள் முதுகைத் தடவினாள். "கடன்ல மாட்டாம தப்பிச்சியே, அதுவே சாமி புண்ணியம்."

யசீகரனுக்கு அதோடு அடங்கவில்லை. பொன்னாடையோடு இறங்கி நேரே கௌரியின் முன்னால் வந்து நின்றான்.

"பால் வாங்க வக்கில்லை, உனக்கு முதல் வடம் கேக்குதோ? ஆசையெண்டா எனக்குப் பின்னால நிண்டு தொடு."

கௌரி அவனைப் பார்க்கவில்லை. "எல்லாம் பதிஞ்சுதோ அக்கா?"

"ஆமா, அந்த ரசீதுகூடத் தெளிவா விழுந்திருக்கு. ஏன்?"

கௌரி எழுந்தாள். நேரே யசீகரனைப் பார்த்தாள்.

"வருசம் இருபத்திநாலாயிரம்தான் உழைக்கிறன், வேற சதமில்லை எண்டு லோஜனாவின்ர செலவுக்கு எழுதிக் குடுத்தனீங்கள். திங்கக்கிழமை இந்த வீடியோவைப் பாத்திட்டு வரிக் கந்தோர் கேக்கும், அதுக்கு முதல் நான் கேக்கிறன்."

யசீகரனின் தோளிலிருந்து பொன்னாடை நழுவியது.

"மிச்ச ஆறாயிரம் ஆர் தந்தது?"