மாடிக்கு ஏறிய தூசி

"இது என்ன, முகத்துக்குப் பூசுற பவுடரா?"

வீட்டுக்காரம்மா நீட்டிய உள்ளங்கையில் மாவு போல மரத்தூள். மாடியில் படுக்கையறைத் தரையிலிருந்து அதைக் கூட்டி அள்ளிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் கீழே பட்டறைக்கு இறங்கி வந்திருந்தார்.

பட்டறைக்காரனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வராதா பின்னே கோபம்? போன மாதம் இதே அம்மா இதே போல் வந்து கத்தியதற்காகத்தான் மரம் செதுக்கும் சி.என்.சி. மெஷினின் தூசி உறிஞ்சும் ஏற்பாட்டையே அடியோடு மாற்றியிருந்தான். பை மாட்டிய பழைய சின்ன மோட்டாரைத் தூக்கிக் கடாசிவிட்டு, பெரிய மோட்டார், கையையே உள்ளே விடலாம் போலத் தடித்த குழாய், தூளைச் சுழற்றிக் கீழே தள்ளும் டிரம், மிச்சத்தைப் பிடிக்க ஃபில்டர் என்று எல்லாம் புதிது. பலகையைச் செதுக்கும் பிட்டைச் சுற்றிப் பாவாடை கட்டியது போல பிரஷ் வேறு. மெஷினை நிறுத்திப் போட்டு, மச்சானைத் துணைக்குக் கூப்பிட்டு, ஒரு வாரம் மல்லுக்கட்டி மாட்டியது. ஆர்டர் கொடுத்தவர்களிடம் வாங்கிய ஏச்சு தனி.

"நீங்களே பாருங்கக்கா."

மெஷினை ஓடவிட்டான். பலகையில் பூவும் இலையுமாக வேலைப்பாடு விழுந்துகொண்டே போனது, தூள் மட்டும் வெளியே தலைகாட்டவில்லை. மெஷின் மேல் ஒரு கறுப்புத் துணியை அழுத்தித் துடைத்து அவர் முகத்துக்கு நேரே விரித்தான்.

"இதுல எங்கக்கா இருக்கு தூசி?"

"உன் துணிய நீயே வச்சுக்கோ. தெனமும் கூட்டுறேன், தெனமும் கெடக்குது. நீ குழாய் மாட்டிக்கிட்டு இருந்தியே, அந்த வாரம்கூட கெடந்துச்சு!"

"மெஷினே ஓடலையே அப்போ! என் தூசி எப்படி வரும்?"

"அத நீதான் சொல்லணும். என்னால ஆகாது சாமி. இந்த மாசத்தோட காலி பண்ணிடு."

காலி பண்ணுவதாவது! அந்த மெஷினை உள்ளே கொண்டுவரக் கதவு நிலையையே பெயர்க்க வேண்டியிருந்தது. இந்த இடத்தை விட்டால் பிழைப்பு போச்சு. பட்டறை திறந்த புதிதில் யாரும் எட்டிப் பார்க்காதபோது, ராசியாக இருக்கட்டும் என்று முதல் ஆர்டர் கொடுத்த மகராசி இவர்தான். அந்த வாயா இப்போது வெளியே போ என்கிறது?

"வாங்க, உங்க வீட்டையே பாத்துடுவோம்!"

அவர் பதில் சொல்வதற்குள் படிகளில் தடதடவென்று ஏறினான். படுக்கையறையில் ஜன்னல் இறுக்கிச் சாத்தியிருந்தது. ஏற்கெனவே கூட்டிய இடத்தில் புதிதாகக் கொஞ்சம் தூள். அறை முழுக்க இல்லை, நீலப் பெயிண்ட் அடித்த மர அலமாரியின் காலடியில் மட்டும் சின்னக் குவியலாகக் கிடந்தது.

குனிந்து பார்த்தான். பெயிண்டைத் துளைத்துக்கொண்டு குண்டூசி நுழைகிற அளவில் ஓட்டைகள். முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து விட்டான். சல்லடையிலிருந்து கொட்டுவது போல் பொலபொலவென்று கொட்டியது.

அவ்வளவுதான், ஒரு மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது.

"நல்லா கண்ணத் தொறந்து பாருங்க! இது என் மெஷின் தூசியா? வண்டு அரிச்சு, உள்ளுக்குள்ள மொத்தமும் உளுத்துப் போச்சு. இதுக்குப் போயி என்னைக் காலி பண்ணச் சொன்னீங்களே!"

வீட்டுக்காரம்மா குனிந்து அந்த ஓட்டைகளை விரலால் தடவினார். அதோடு இவன் விடுவானா? இன்னும் எகிறினான்.

"ஈரம் காயாத மரம். ஒரு சொட்டு மருந்து அடிக்கல. எவனோ ஒரு ஃபிராடுப் பய கண்டதையும் இழைச்சு உங்க தலையில கட்டிட்டான். அவனெல்லாம் இந்தத் தொழிலுக்கு வந்ததே கேவலம்! யாருக்கா அவன்? ஆளக் காட்டுங்க. சட்டையப் புடிச்சு நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நானே கேக்குறேன்!"

வீட்டுக்காரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை நேரம் மூடியிருந்த கையைத் திறந்து, அந்தத் தூளை அவன் உள்ளங்கையில் கொட்டினார்.

"பெயிண்ட் மட்டும்தான் தம்பி நாங்க அடிச்சோம். இது நீ செஞ்சு குடுத்த மொத ஆர்டர்."