ஒற்றை நட்சத்திரம்

"அஞ்சு நட்சத்திரம் இருக்கு. ஒண்ணைத்தான் அமுக்குவோம்னு எல்லாரும் ஒத்தைக் கால்ல நிக்கறீங்களே, ஏன்க்கா?"

குப்பை பிரிக்கும் கொட்டகையில், இயந்திரத்தின் இரைச்சலை மீறி முகமூடிக்குள்ளிருந்து கத்தினாள் வைத்திய ஆப் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவள். தூசிக்காக வாசலிலேயே அவளுக்கும் ஒரு முகமூடியை மாட்டிவிட்டிருந்தார்கள்.

அங்கே பிரிக்கும் பொருள்தான் ஆளுக்குப் பெயர். பாட்டில் பிரிப்பவள் பாட்டில் அக்கா. அட்டைப்பெட்டிகளை மடக்கிக் கட்டும் அவள் புருஷன் அட்டை அண்ணன். கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் வீடுகளில் இருக்கும் அறுபது குடும்பங்களுக்கும் வாய் இந்த இருவர்தான்.

"வைத்தியத்துக்குன்னு உங்களுக்காகவே செஞ்ச ஆப். சரியில்லையாக்கா?"

"யார் சொன்னது? தங்கம் மேடம், தங்கம்! இந்த மனுஷனுக்குக் கையில சீழ் பிடிச்சு, விரலே போயிடும்னு இருந்தோம். மறுநாளே டாக்டர் பார்த்துட்டாரு. இப்ப அதே விரலை நீட்டித்தான் என்னைத் திட்டறாரு."

"போயிருந்தா நிம்மதியா இருந்திருப்பே" என்றார் அட்டை அண்ணன்.

கொட்டகையே சிரித்தது. ஆய்வுக்காரிக்குத்தான் தலை சுற்றியது. வாயைத் திறந்தால் தங்கம், விரலை வைத்தால் ஒற்றை நட்சத்திரம்! மூன்று வருடத்தில் இந்தக் கொட்டகையிலிருந்து வந்த மதிப்பீடுகள் நானூற்றுப் பன்னிரண்டு. ஒரே ஒரு ஐந்து. மற்ற அத்தனையும் ஒன்று. அந்த ஒவ்வொரு ஒன்றும் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

"உண்மையைச் சொல்லிடறேன்க்கா. இந்த ஆப்பை அதிகமா பயன்படுத்தறது நீங்கதான். மாசக் கடைசியில கூட்டம். இந்த மாசச் சராசரி மூணு நட்சத்திரமாவது தேறலைன்னா இழுத்து மூடிடுவாங்க."

பாட்டில் அக்காவின் கை அப்படியே நின்றது.

"மூடறதா? ஐயையோ! ஆஸ்பத்திரிக்கு நேராப் போனா, நாத்தம்னு எங்களை வாசல்லயே நிறுத்திடுவாங்களே!"

"அதனாலதான் சொல்றேன். இப்பவே எல்லாரும் அஞ்சு போட்டுடுங்க."

யாரும் போனைத் தொடவில்லை. அக்கா புருஷனைப் பார்த்தாள். புருஷன் கூரையைப் பார்த்தார்.

"சொல்லிடவா?"

"சொல்லித் தொலை. குடியே முழுகப் போகுது, இன்னும் என்ன ரகசியம்?"

"கோவிச்சுக்காதீங்க மேடம். அதுல டாக்டர் படத்தை அமுக்கினா, கதவு எண் என்னன்னு கேக்குது. எங்க வீட்டுக் கதவே சாக்குப் படுதா. எண்ணுக்கு எங்க போறது? ஏதோ ஒண்ணு போட்டா, தப்புன்னு சிவப்பா எரியுது. நட்சத்திரம் போடறதுக்கு மட்டும் போன் நம்பரே போதும். ஒண்ணே ஒண்ணு போட்டா..."

"அஞ்சே நிமிஷம்!" என்று புகுந்தார் அட்டை அண்ணன். "உங்களுக்கு என்ன குறைன்னு ஒரு பொண்ணு பதறிக்கிட்டுக் கூப்பிடும். கதவைப் பத்தி ஒரு பேச்சு கிடையாது. அதுவே டாக்டர்கிட்ட நேரம் வாங்கி, ஆஸ்பத்திரி வாசல்ல ஆள் சொல்லி வெச்சு, மறுநாள் காய்ச்சல் விட்டுச்சான்னும் கேக்கும். கூடப் பொறந்தது கெட்டுது, போங்க!"

"நன்றி சொல்றேன்னு ஒரு தடவை அஞ்சு போட்டாரு இந்த மகராசன். ஈ காக்கா கூப்பிடலை. பல்வலியோட மூணு நாள் அல்லாடினாரு. அதுக்கப்புறம் இந்தக் கொட்டகையில யாரும் அந்தத் தப்பைப் பண்றதில்லை."



"ஆப் போனாப் போகட்டும் மேடம். அந்தப் பொண்ணை மட்டும் வேலையை விட்டு எடுத்துடாதீங்கன்னு மேல சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் அக்கா.

ஆய்வுக்காரி குனிந்து முகமூடியைச் சரிசெய்துகொண்டதைப் பார்த்ததும் அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நம்பலையா? இப்பவே பாருங்க!"

போனை எடுத்து, ஒற்றை நட்சத்திரத்தை அழுத்தினாள். அட்டை அண்ணன் ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எல்லோரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆய்வுக்காரி மட்டும் திரும்பி நின்று கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. அக்கா பெருமை பொங்க ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம்க்கா, உங்களுக்கு என்ன குறை?"

அந்தக் குரல் போனிலிருந்தும் கேட்டது. முகமூடியைக் கழற்றிவிட்டு, காதில் போனும் கண்ணில் நீருமாகச் சிரித்தபடி பாட்டில் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஆய்வுக்காரியிடமிருந்தும் கேட்டது.