நாலு தாள் மன்னிப்பு

“பேச்சாளர் வந்துட்டாருப்பா, எடம் வுடுங்க!”

சாலையின் குறுக்கே வெட்டிச் சாய்த்திருந்த புளியமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்துகொண்டார்கள். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த நாலு தாள், வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. ஞானாபரணத்தைப் பார்த்த யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

“நான் பேச்சாளர் இல்லப்பா. ரிட்டயர்டு எட்மாஸ்டர். கள்ளக்குறிச்சியிலேருந்து நடந்து வரேன், கச்சிராயபாளையம் போவணும்.”

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கி மூன்று நாளாகியிருந்தது. பஸ் கிடையாது. சைக்கிளைக்கூடத் தோளில் தூக்கிக்கொண்டுதான் மரங்களைத் தாண்ட வேண்டும்.

“இந்த நேரத்துல அவ்ளோ அவசரமா இன்னா சார் வேல? யாருக்கனா ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார் கொளஞ்சியப்பன். கரும்புக் கழனியைப் போட்டுவிட்டு மறியலுக்கு வந்தவர்.

“ஒருத்தர்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன்.”

மரத்தின் மேலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஞானாபரணத்துக்கு அது பிடித்திருந்தது. கொளஞ்சியப்பன் துண்டால் தட்டிக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து கதையைச் சொன்னார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, கிறிஸ்துமஸ் சமயம். அவர் செயலாளராக இருக்கிற சபையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு காணாமல் போனது. பாட்டுக்குழுவை நடத்திவந்த தையல்காரர் தங்கதுரைதான் எடுத்தார் என்று ஆராதனை நடுவிலேயே எழுந்து சொல்லிவிட்டார் ஞானாபரணம். தங்கதுரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரமே குடும்பத்தோடு கச்சிராயபாளையத்துக்குப் போய்விட்டார்.

ஈஸ்டருக்கு வெள்ளையடிக்கும்போது விளக்கு கோயில் பரண்மேல் கிடைத்தது. துடைத்து, திரிக்குப் பதிலாக எரியும் மேண்டில் வலையும் புதிதாகக் கட்டி, பத்திரமாக இருந்தது. ஞானாபரணம் எதுவும் சொல்லாமல் அதைப் பழைய கொக்கியிலேயே மாட்டினார். யாரும் கேட்கவில்லை. செயலாளரை யார் கேட்பது?

“செரி சார். ஒம்போது வருஷமா போவாதவரு, இப்ப இன்னா திடீர்னு?”

“வர்ற ஞாயித்துக்கெழம தாழ்மையப் பத்தி என்னோட பிரசங்கம். நானே நடந்து போய் மன்னிப்புக் கேட்டேன்னு சாட்சி சொன்னா, சபையே கண்கலங்கும்.”

“எழுதிக்கினு வந்திருக்கீங்களே, படிங்க, நாங்களும் கேக்கறோம்.”

ஞானாபரணம் எழுந்து தொண்டையைச் செருமினார். “ஒன்பது ஆண்டுகளாக நான் உறங்கவில்லை. நான் பட்ட வேதனையை நான் ஒருவனே அறிவேன். இன்று நான், எட்டு மைல் தூரம், நான்...” முதல் தாளை முடித்துவிட்டு நிமிர்ந்தார். “எப்படி?”

கொளஞ்சியப்பன் தலையைச் சொறிந்தார். “தமிழ் நல்லாத்தான் இருக்குது சார். ஒரே தாளுல பதினாலு ‘நான்’ வந்துச்சு, எண்ணிக்கினே இருந்தேன். அந்த மனுசன் எப்ப சார் வருவாரு?”

“எந்த மனுசன்?”

“தங்கதுரை.”

கூட்டம் சிரித்தது. ஞானாபரணம் அவசரமாக மற்றத் தாள்களைப் புரட்டினார். தங்கதுரையின் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது, மேலே, விலாசத்தில்.

“அவுருக்கு அங்க பொழப்பு எப்டிங்க? புள்ளைங்க எத்தினி?” கொளஞ்சியப்பன் கிண்டலாகக் கேட்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஞானாபரணத்துக்குத் தெரியவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். பிறகு பேசாமல் மரத்தைத் தாண்டி மறுபக்கம் இறங்கி நடந்தார்.

கரும்புத் தோட்டங்கள் வந்ததும் ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்று கண்ணை மூடினார். “ஆண்டவரே, நான்...” என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். “ஆண்டவரே, தங்கதுரை...” அழுகை வந்துவிட்டது. நாலு தாளையும் கிழித்து வாய்க்காலில் விட்டுவிட்டு மிச்ச தூரத்தை நடந்தார்.

தங்கதுரை மெஷினில் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலில் புழுதியோடு நின்றவரைப் பார்த்ததும் அப்படியே எழுந்துவிட்டார்.

“சார்! நீங்களா?”

“ஒம் பேரக் கெடுத்துட்டேன் தங்கதுரை. அந்த வெளக்கு கோயிலுக்குள்ளயே கெடச்சுது. அன்னிக்கே ஓடி வந்திருக்கணும். கவுரவம் பாத்து மறைச்சுட்டேன்.” காலைத் தொடக் குனிந்தார்.

தங்கதுரை பாய்ந்து வந்து தடுத்தார். “வேணாங்க சார், வேணாம்!” அவர் முகம் வெளுத்துவிட்டது. பழைய கோபம் இன்னும் ஆறவில்லை என்று ஞானாபரணம் நினைத்தார்.

“ஒன் வூட்டுக்காரம்மா, புள்ளைங்க எல்லாரும் எவ்ளோ அவமானப்பட்டிருப்பீங்க! பிரசங்கத்த வேற யாராவது பண்ணட்டும். ஞாயித்துக்கெழம சபை முன்னால எழுந்து ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு உக்காந்துடுவேன். தங்கதுரை அந்த வெளக்கத் தொடவே இல்லன்னு.”

தங்கதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஞானாபரணத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எட்டு மைல் நடந்து நீங்க வந்துட்டீங்க. ஒம்போது வருஷமா எனக்குத்தான் தெகிரியம் வரல.”

“உனக்கு எதுக்குப்பா தைரியம்?”

“கோயில்ல நின்னு பொய் சொல்லாதீங்க சார். ஊர வுட்டுப் போறப்ப பரண்மேல திருப்பி வச்சுட்டேன், ஆனா எடுத்தது நாந்தான்.”