செருப்புக்குக் காவல்

மதுரை செல்லூரிலிருந்து வீடியோ காலில் ஆஷ்லின் படபடத்தாள்.

“அப்பா, பாலியில சர்ஃபிங் பலகையோட ஸ்டேட்டஸ் போட்டிருக்கீங்க! அம்பது வயசுல இது தேவையா?”

“மூணு நாளா விழுந்து எந்திரிச்சு இப்பதாம்மா பிடிபட்டிருக்கு,” என்றார் மரியராஜ்.

“ஈஸ்டர் லீவுக்கு எப்பவும்போல மணப்பாடு போயிருக்கலாம்ல? நாம குளிப்போம், அம்மா கரையில உக்காந்து செருப்பெல்லாம் பாத்துக்கிருவாங்க.”

“இங்கயும் செருப்புக்குக் காவல் உண்டும்மா.”

“அங்க போயுமா? பாவம்ப்பா. போனை அம்மாட்ட குடுங்க.”

“இப்பக் குடுக்க முடியாது. நீயே பாரு.” அவர் கேமராவைக் கடல் பக்கம் திருப்பினார்.

சீறி வந்த அலையின் மேல், பலகையில் கைகளை விரித்து நிமிர்ந்து நின்றாள் அம்மா.

“எங்கம்மா!” என்று ஆஷ்லின் கத்தியதில் தெருவே எட்டிப் பார்த்தது.

கரையில் மரியராஜ், மனைவியின் செருப்புகளைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.