கண்ணு சொருகுது

எத்திராஜின் இமைகள் பாதிக்கு மேல் திறக்கவில்லை. ஏதோ கனவுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருப்பவர் போல் கிடந்தார்.

“எப்படி ஆச்சு?” இளவேனில் அவர் நாடியைப் பிடித்தாள்.

“குப்ப அள்றப்ப கால்ல முள்ளு குத்தினாப்ல இருந்துச்சும்மா.” குரல் குழறியது. “இப்போ நீ ரெண்டா தெரியிற. கண்ணு சொருகுது.”

“தூங்காதீங்க. முள்ளு இல்ல, பாம்பு. மூச்சு நிக்கிறதுக்குள்ள மருந்து ஏத்தணும்.”

மணி அடித்தது. எத்திராஜ் எழுந்து உட்கார்ந்து சட்டையை நீவிக்கொண்டார். மருத்துவ மாணவர்களின் தேர்வுக்கு நோயாளியாக நடிக்க, ஸ்ரீராம்புரத்திலிருந்து பஸ் பிடித்து வருபவர் அவர்.

“அச்சு அசலா இருந்துச்சு அங்கிள். யார் சொல்லிக் குடுத்தாங்க?”

“என் சம்சாரம்தாம்மா. இதே வார்த்தையத்தான் சொன்னா. வேலைக் களைப்புன்னு நெனச்சு, நான்தான் போர்த்திப் படுக்கவெச்சேன்.”