முதல் வரிசை

“உனக்கெல்லாம் எதுக்குடி கச்சேரி?” வாசலை மறித்து நின்று, கையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள் அம்மா.

“மூணு வருஷமா அந்த பேண்டுதான் என் உயிரு. நான் போவேன்.” மகளின் கைகளும் அதே வேகத்தில் ஆடின.

“அந்தக் கூட்டத்துல ஏதாவது ஆச்சுன்னா?”

“ஆகட்டும். வழிய விடும்மா.”

பதினாறு வயதுப் பிடிவாதத்திடம் அம்மா தோற்றாள்.

அரங்கில் முண்டியடித்து முன்னேறிய மகள், மேடையோரம் இருந்த ஆளுயர ஸ்பீக்கரில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு நின்றாள். டிரம்ஸ் அதிர்ந்தது. ஒவ்வொரு அடியும் விலா எலும்புக்குள் இறங்க, அவளுக்குக் கண்ணீர் முட்டியது.

காவலாளி பதறி ஓடிவந்தார். “தள்ளி நில்லும்மா! காது போயிடும்!”

அவர் வாயையே உற்றுப் பார்த்தவள், சிரித்துக்கொண்டே செல்போனில் தட்டி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அது பொறந்தப்பவே போயிடுச்சுண்ணே. நான் நகர மாட்டேன்!”