இரவல் பேச்சு

பி.காம். மாணவி தாட்சாயணிக்கு யாரிடமும் பேசக் கூச்சம். ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு மாதப் பயிற்சிக்குப் போகும்போது, கல்லூரி அவளுக்குப் பேச்சுத் திறனை இரவல் கொடுத்தது. வருமானவரி நோட்டீஸோடு பதறி வந்த பனியன் கம்பெனிக்காரர்கள்கூட அவளிடம் பேசிவிட்டு நிம்மதியாகப் போனார்கள். அந்தத் துணிச்சலில், அம்மாவைப் பிரிந்துபோன அப்பாவுக்கு மூன்று வருடம் கழித்துப் போன் செய்தாள். பிறகு தினமும் சாயங்காலம் பேசிச் சிரித்தார்கள்.

பயிற்சி முடிந்த அன்று, அடுத்த மாணவிக்காகக் கல்லூரி அந்தத் திறனைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். "சொல்லும்மா, இன்னைக்கு என்ன விசேஷம்?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒரு வார்த்தையும் வரவில்லை.

"என் மேல கோபமா?"

அவள் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். போனில் அது அவருக்குத் தெரியவில்லை.

"சரிம்மா, பேசணும்னு தோணும்போது கூப்பிடு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.